வீட்டில் கதீட்டர்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது, எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என் அப்பா. பக்கவாதமும் பிராஸ்டேட் வீக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் சிறுநீர் அடைத்துக்கொண்டது. நான்கு ஆண்டுகளாகக் கதீட்டரோடுதான் இருக்கிறார். மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் பகலில் நானும் இரவில் தம்பியும் அவரைப் பார்த்துக்கொள்கிறோம். நான் மருத்துவர் அல்ல. வந்த கோளாறே திரும்பத் திரும்ப வந்ததில், எதை முதலில் பார்க்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று கற்றுக்கொண்டதை எழுதிவைக்கிறேன்.

இரண்டு சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். சிறுநீர்ப்பை என்றால் உடம்புக்குள் இருப்பது. கட்டிலோரம் தொங்கும் பிளாஸ்டிக் பையை, எல்லோரும் சொல்கிறபடி, யூரோபேக் என்றே எழுதுகிறேன். சிறுநீரை வடிக்க உடம்புக்குள் போகும் குழாய்தான் கதீட்டர்; உள்முனைக்கு அருகே தண்ணீர் ஏற்றிய சிறு பலூன் அதைச் சிறுநீர்ப்பையிலிருந்து நழுவாமல் பிடித்துவைக்கும். கதீட்டரின் வெளிமுனையில் தொடங்கி யூரோபேக் வரை வருவது டியூப்.

மேற்கொண்டு படிக்காமல் கிளம்ப வேண்டியவை

சிறுநீர் இறங்கவில்லை, அடிவயிறு புடைத்து வலிக்கிறது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். இரத்தக் கட்டிகள் வருகின்றன. கதீட்டர் கழன்று வெளியே வந்துவிட்டது. திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசுகிறார். இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புங்கள்.

முதுகுத்தண்டில், நடு மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. கதீட்டர் அடைத்துக்கொண்டால் அவர்களுக்கு வயிற்று வலி தெரியாமலே போகலாம். அதற்குப் பதில் மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்த்துக் கொட்டுவது, இரத்த அழுத்தம் எகிறுவது என்று காட்டும். உயிருக்கே ஆபத்தானது. உட்கார வைத்து, டியூப் எங்காவது மடிந்திருக்கிறதா என்று பார்த்து நிமிர்த்திக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

யூரோபேக்கில் சிறுநீர் இறங்கவில்லை

எங்கள் வீட்டில் அதிகம் வந்த கோளாறு இதுதான். முதல் ஆண்டில் ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு யூரோபேக் காலியாகக் கிடந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பாவைத் தூக்கிக்கொண்டு அருகிலிருந்த ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்த சிஸ்டர் ஒன்றும் பேசாமல் போர்வையை விலக்கினார். அப்பாவின் தொடைக்கு அடியில் டியூப் நசுங்கி, தட்டையாகக் கிடந்தது. அவர் தொடையைத் தூக்கி டியூபை இழுத்து நேராக்கியதும், அதற்குள் வெளிர் மஞ்சள் கோடு ஒன்று விறுவிறுவென்று ஓடி யூரோபேக்கில் விழுந்தது. அந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் போர்வையை விலக்காமல் ஆட்டோவை அழைப்பதில்லை.

முதலில் அடிவயிற்றில், தொப்புளுக்குக் கீழே, உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். அதைப் பொறுத்து வழி பிரிகிறது.

*வயிறு மென்மையாக இருக்கிறது, வலி இல்லை.* நேரம் இருக்கிறது. யூரோபேக்கிலிருந்து தொடங்கி உடம்பு வரை டியூபைக் கையால் தடவிக்கொண்டே வாருங்கள். கட்டில் கம்பியிலோ சக்கர நாற்காலியிலோ மாட்டியிருக்கிறதா? டியூபை அடைக்கும் கிளாம்ப் மூடியிருக்கிறதா? குளிப்பாட்டும்போது மூடிவிட்டுத் திறக்க மறந்தது எங்கள் வீட்டில் இரண்டு முறை நடந்திருக்கிறது. டியூப் யூரோபேக்குக்கும் கீழே தொங்கி, ஊஞ்சல் கயிறு போல வளைந்து நின்றால், அந்த வளைவில் தேங்கிய சிறுநீரே மேலே இருப்பதை இறங்கவிடாமல் தடுக்கும். வளைவை உயர்த்தித் தேங்கியதை யூரோபேக்குக்குள் வடித்துவிட்டு, மீதி டியூபைப் படுக்கைமேல் சுருட்டிவையுங்கள்.

யூரோபேக் எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. பிறகு ஆளைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். உள்ளே கதீட்டரின் துளை சிறுநீர்ப்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இந்த ஒரு திருப்பலில் விடுபட்டுவிடும்.

அடுத்தது மலச்சிக்கல். மூன்று நாள் மலம் கழியாமல் குடல் நிறைந்தால் அது பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையையும் கதீட்டரையும் நெருக்கும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

தண்ணீர் போதவில்லை என்பதும் காரணமாகலாம். மே மாதத்து சென்னையில், மின்விசிறிக் காற்றே அனலாக அடிக்கும் அறையில், குடித்ததில் பாதி வியர்வையாகவே போய்விடும். இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருந்து டாக்டர் அளவு வைத்திருந்தால் அதை மீறாதீர்கள். அப்படி இல்லாதவர்களுக்கு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை, ஒரே மூச்சில் கொடுக்காமல், மணிக்கு ஒரு தம்ளராகக் கொடுக்கலாம். தண்ணீர், நீர்மோர், பார்லிக் கஞ்சி எல்லாம் கணக்கில் சேரும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

யூரோபேக்கில் நீளவாக்கில் ஒரு வெள்ளை பிளாஸ்திரியை ஒட்டி, சிறுநீரின் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். ‘கொஞ்சம் இறங்கியது போலத் தெரிகிறது’ என்ற சந்தேகத்துக்கே இடமிருக்காது. பெரியவர்களுக்கு மணிக்குச் சுமார் 30 மி.லி.க்குக் குறையாமல் இறங்க வேண்டும். இத்தனையும் பார்த்த பிறகும் நான்கு மணி நேரமாகக் கோடு நகரவில்லை என்றால், வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். ஒரு நாள் முழுவதும் சேர்ந்தது அரை லிட்டருக்குக் கீழே இருந்தாலும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

*வயிறு இறுகிப் புடைத்திருக்கிறது, தொட்டால் முனகுகிறார்.* டியூப் மடிந்திருக்கிறதா, கிளாம்ப் மூடியிருக்கிறதா என்று மட்டும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே உப்புப் படிவமோ இரத்தக் கட்டியோ அடைத்திருக்கும். சிரிஞ்சில் தண்ணீரை ஏற்றிக் கழுவுவது, உங்களுக்கு ஒரு நர்ஸ் நேரில் நின்று கற்றுக்கொடுத்து டாக்டரும் அனுமதித்திருந்தால் மட்டும். கற்றவர்களும் தண்ணீர் உள்ளே போக மறுத்தால் அழுத்தவே கூடாது. இப்போது தண்ணீர் குடிக்கக் கொடுக்கவும் வேண்டாம். போக வழியில்லாத இடத்தில் இன்னும் சேரும்.

கதீட்டரைச் சுற்றி ஒழுகுகிறது

டயப்பர் நனைந்திருக்கிறது. முதலில் யூரோபேக்கைப் பாருங்கள். அதில் ஒன்றும் இறங்காமல் பக்கவாட்டில் மட்டும் ஒழுகினால் அது அடைப்பு. மேலே சொன்ன வழிதான். யூரோபேக்கிலும் இறங்குகிறது, சுற்றியும் ஒழுகுகிறது என்றால் சிறுநீர்ப்பை சுருங்கித் தள்ளுகிறது என்று பொருள். அடிவயிற்றில் சுருக்கென்று பிடித்து விடும் வலியும், சிறுநீர் முட்டுவது போன்ற அவசரமும் கூடவே வரும். ‘பாத்ரூமுக்குப் போக வேண்டும்’ என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னால் எனக்கு அதுதான் அடையாளம்.

செலவில்லாத காரணங்களிலிருந்து தொடங்குங்கள். கதீட்டர் தொடையில் ஒட்டப்படாமல் இழுபடுகிறதா? மலம் கழிந்து எத்தனை நாளாயிற்று? சிறுநீர் அடர்ந்திருக்கிறதா, காபி அதிகமாகிவிட்டதா? இவற்றைச் சரிசெய்தும் இரண்டு நாளாக ஒழுகினால் டாக்டரைப் பாருங்கள். கிருமித்தொற்று, சிறுநீர்ப்பையில் கல், பலூனின் அளவு என்று அவர் பார்க்க வேண்டியவை வேறு. சுருக்கத்தைக் குறைக்க அவர் மாத்திரை எழுதலாம். அவற்றில் சில மலச்சிக்கலைக் கூட்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒழுகுகிறது என்று சொன்னதுமே ‘இன்னும் பெரிய சைஸ் போட்டுவிடலாம்’ என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். தடித்த குழாய் சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தி, ஒழுகலை அதிகமாக்கவே வாய்ப்பு. காரணம் என்னவென்று கேட்காமல் இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

நிறம் மாறியிருக்கிறது

*அடர்ந்த மஞ்சள்.* பெரும்பாலும் தண்ணீர் குறைவு. தண்ணீர் கொடுத்து அரை நாளில் வெளிறவில்லை என்றாலோ, கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகத் தெரிந்தாலோ டாக்டர். பி காம்ப்ளக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் பளிச்சென்ற மஞ்சள் வரும், கவலை வேண்டாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆரஞ்சு நிறத்தைக் கொடுக்கும். அதற்காக மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

*சிவப்பு.* நேற்று பீட்ரூட் பொரியல் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் கதீட்டர் எங்காவது மாட்டி இழுபட்டதா, இன்றோ நேற்றோ மாற்றினார்களா என்று யோசியுங்கள். அப்படியானால் வெளிர் ரோஜா நிறம் ஒரு நாள் தெரிந்து தானாகவே தெளியும். மாதுளைச் சாறு போல அடர்ந்தாலும், கட்டி கட்டியாக வந்தாலும், ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலும் ஆஸ்பத்திரிதான். இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை சாப்பிடுகிறவர் என்றால் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். நீங்களாக அந்த மாத்திரையை நிறுத்த வேண்டாம். வலியே இல்லாமல் அவ்வப்போது இரத்தம் வந்து போவதை ‘கதீட்டர் என்றால் அப்படித்தான்’ என்று விட்டுவிடவும் கூடாது. கல்லா, உள்ளே வளரும் சதைக்கட்டியா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டிய விஷயம் அது.

*ஊதா.* எங்கள் மாடி வீட்டு அம்மா தன் மாமியாரின் யூரோபேக்கைக் காட்ட என்னை அழைத்தபோது நானே ஒரு நொடி பின்வாங்கினேன். பையும் டியூபும் நாவற்பழம் பிழிந்தது போல இருந்தன. ஆனால் பாட்டி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பல நாள் மலச்சிக்கலும் சிறுநீரில் சில வகைக் கிருமிகளும் சேரும்போது உண்டாகும் நீலமும் சிவப்பும் கலந்து பிளாஸ்டிக்கில் ஏறுவதால் வரும் நிறம் இது; படுக்கையில் இருக்கும் வயதான பெண்களிடம் அதிகம் காணப்படுவது. நிறத்தினால் ஆபத்தில்லை என்றாலும் கிருமி இருப்பதற்கு அடையாளம் என்பதால் டாக்டரிடம் காட்டினார்கள். மலச்சிக்கலைச் சரிசெய்து, கதீட்டரையும் யூரோபேக்கையும் மாற்றியதும் போய்விட்டது.

கலங்கல், நாற்றம், வெள்ளைத் துகள்கள்

இங்கேதான் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் உள்ளே போகிறது. ஒரு மாதம் கடந்த கதீட்டர் உள்ள ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். பரிசோதித்தால் அறிக்கையில் ‘வளர்ந்திருக்கிறது’ என்றுதான் வரும். காய்ச்சல், நடுக்கம், விலாவில் வலி, குழப்பம் எதுவும் இல்லாமல், கலங்கலுக்கும் நாற்றத்துக்கும் மட்டுமாக மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். கிருமி பழகிக்கொள்ளும், உண்மையாகவே காய்ச்சல் வரும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாது. அப்பாவுக்கு இது நடந்து, ஐந்து நாள் ஊசி போட வேண்டியதாயிற்று. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தண்ணீரைக் கூட்டுங்கள். யூரோபேக்கை எப்போது மாற்றினீர்கள் என்று பாருங்கள். நாங்கள் எங்கள் சிஸ்டர் சொன்னபடி வாரம் ஒருமுறை மாற்றுகிறோம். மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் காலி செய்யுங்கள். திறப்பதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வடிகுழாயின் முனை பாத்திரத்தில் படக் கூடாது.

வெள்ளைத் துகள்கள் மணல் போல டியூபில் ஒட்டுகின்றன என்றால் உள்ளேயும் படிகிறது என்று அறியுங்கள். சிலருக்கு மூன்றாவது வாரத்திலேயே அடைத்துக்கொள்ளும். எத்தனையாவது நாளில் அடைக்கிறது என்று இரண்டு மூன்று முறை குறித்துவைத்துக் காட்டினால், அதற்கு முன்பே மாற்றும் தேதியை டாக்டர் வைத்துக்கொடுப்பார்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு யூரோபேக்கிலிருந்து பிடித்துக் கொடுக்காதீர்கள். அது பல மணி நேரம் கிருமி ஊறிய சிறுநீர். புதிதாகப் போட்ட கதீட்டரிலிருந்தோ அதற்கென உள்ள ஊசித் துளையிலிருந்தோ எடுக்க வேண்டும். கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது, தயங்க வேண்டாம்.

காய்ச்சல், நடுக்கம், பேச்சில் குழப்பம்

வெப்பமானியில் 100.4 டிகிரியைத் தொட்டாலே கதீட்டர் உள்ளவருக்கு அது பெரிய காய்ச்சல். அன்றைக்கே டாக்டர். குளிர் நடுக்கமும் சேர்ந்தால் அந்த நிமிடமே.

வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலும் போகும். ஒருநாள் விடியற்காலையில் அப்பா எழுந்து உட்கார்ந்து, “ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, டிபன் கேரியரை எடுத்துவை அம்மா” என்றார். உடம்பு சுடவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக் காபி கொடுத்தேன். பத்து மணிக்கு என்னைப் பார்த்து, ‘நீ யார்’ என்று கேட்டார். கிருமி இரத்தத்தில் கலந்திருந்தது. இப்போது அவர் பேச்சில் ஒரு வார்த்தை புரண்டாலும் சர்க்கரையைப் பரிசோதித்துவிட்டு உடனே கிளம்பிவிடுகிறோம்.

வலி, வீக்கம், புண்

ஆண்களுக்கு: சுத்தம் செய்ய முன்தோலைப் பின்னுக்குத் தள்ளினால், முடித்ததும் மறக்காமல் முன்னே கொண்டுவந்துவிடுங்கள். மறந்தால் அது இறுகி, முனை வீங்கி, இரத்த ஓட்டமே நின்றுவிடும். முன்னே வர மறுக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். விதைப்பை வீங்கிச் சுடுவதும் அன்றைக்கே காட்ட வேண்டியது.

கதீட்டர் நுழையும் துளையின் ஓரத்தில் லேசாகக் காய்ந்த பிசுபிசுப்பு இயல்புதான். சீழ், பிளவு, எரிச்சல் என்றால் காட்டுங்கள். தினமும் சோப்பும் தண்ணீரும் போதும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். டெட்டால், பவுடர் எதுவும் அங்கே வேண்டாம். கதீட்டரைத் தொடையில் ஒட்டும் இடத்தைத் தினமும் வலது, இடது என்று மாற்றினால் ஒரே பக்கம் அழுந்திப் புண்ணாவது குறையும்.

கதீட்டர் வெளியே வந்துவிட்டது

திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமாகத்தான் தெரிகிறது என்றாலும் தள்ளாதீர்கள். அதைத் தூக்கி எறியாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்; நுனியும் பலூனும் முழுதாக இருக்கின்றனவா என்று அங்கே பார்ப்பார்கள். பலூன் உப்பியபடியே இழுபட்டு வந்திருந்தால் உள்ளே கிழிந்து இரத்தம் வரலாம்.

அடிவயிற்றில் துளையிட்டுப் போட்ட கதீட்டர் என்றால் சுத்தமான துணியால் மூடிக்கொண்டு உடனே ஓடுங்கள். அந்தத் துளை வேகமாகச் சுருங்கிவிடும். சில மணி நேரம் தாமதித்தாலே புதிதாகத் துளையிட வேண்டி வரலாம். அண்மையில் பிராஸ்டேட் அறுவை சிகிச்சை ஆனவர் என்றால், முடிந்தவரை அதைச் செய்த ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

மாற்றும் நாளில் வரும் கோளாறுகள்

கடையில் ‘சிலிக்கான்’ என்று கேட்டால் சிலிக்கான் பூசிய லேடெக்ஸைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டும் வேறு. லேடெக்ஸ் இரண்டு முதல் நான்கு வாரம். முழு சிலிக்கான் விலை கூடுதல், மூன்று மாதம் வரை வைக்கலாம். உறையைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். கதீட்டரின் வால்வு நிறமே அளவைச் சொல்லும்: பச்சை என்றால் 14, ஆரஞ்சு என்றால் 16, சிவப்பு என்றால் 18.

பழைய பலூனில் இருந்து தண்ணீர் வெளியே வரவில்லை என்றால் கதீட்டரை வெட்டிப் பார்க்க யாரையும் விடாதீர்கள். இழுக்கவும் கூடாது. சிறுநீரக மருத்துவர் எடுக்க வேண்டியது அது.

புதியதைப் போடும்போது சிறுநீர் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே பலூனில் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது அவர் வலியில் துடித்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பலூன் சிறுநீர்ப்பைக்குப் போகாமல் வழியிலேயே விரிகிறது என்று பொருள். வீட்டுக்கு வந்து மாற்றுகிறவர் அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

கிளம்பும்போது கையில் எடுத்துச் செல்ல

எங்கள் வீட்டில் தினசரி நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதுகிறோம்: கடைசியாக மாற்றிய தேதி, கதீட்டரின் அளவும் வகையும், பலூனில் எத்தனை மி.லி. ஏற்றினார்கள், அன்று இறங்கிய சிறுநீர், மலம் கழிந்த நாள், மாத்திரைகளின் பெயர். நடு இரவில் பணியில் இருக்கும் இளம் டாக்டர் கேட்கும் முதல் ஐந்து கேள்விக்கும் பதில் அதில் இருக்கும்.

ஆட்டோவில் ஏறுவதற்கு முன் யூரோபேக்கைக் காலி செய்துகொள்ளுங்கள். மடியில் வைக்காமல் முழங்காலுக்குக் கீழே பிடியுங்கள். வேகத்தடையில் டியூப் இழுபடாமலிருக்க ஒரு கை அதன்மேலேயே இருக்கட்டும்.

அக்டோபர் பிறப்பதற்குள் அதே அளவில் இரண்டு கதீட்டர், நான்கு யூரோபேக், பிளாஸ்திரி, கையுறை வாங்கி உயரமான அலமாரியில் வைத்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் முட்டளவு தண்ணீர். கடைகள் திறக்கவில்லை, வண்டி எதுவும் உள்ளே வரவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு நர்ஸ் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் நடந்தே வந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: “வீட்டில் புது கதீட்டர் இருக்கிறதா?” அலமாரியில் இருந்தது.